பதினேழு படி, நானூறு கிலோமீட்டர்

மார்ச் 2, திங்கள்

பத்து மணிக்குள் நாற்பத்தோரு பேருக்கு ரத்தம் எடுத்தாயிற்று. ஒருவர் மயங்கி விழுந்து, எழுந்ததும் "நான் எங்க மயங்கினேன்?" என்று சண்டைக்கு வந்தார். வழக்கமான திங்கள்கிழமை.

பத்தரைக்குத் தலைமையிடத்திலிருந்து போன். ஜனவரியில் எங்கள் லேபை வாங்கிய பெரிய கம்பெனி. எங்களையும் சேர்த்து இருபத்தொரு கிளை. இன்றிலிருந்து முன்மேசைக் கணினி எந்நேரமும் விபிஎன்னில் இருக்க வேண்டுமாம். எனக்குப் புரிந்தவரை, இங்கிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அவர்கள் கட்டடத்துக்கு இணையத்துக்குள்ளேயே ஒரு மூடிய குழாய். நோயாளி விவரம் அதற்குள் போனால் வெளியே யாரும் எட்டிப் பார்க்க முடியாது. நல்ல விஷயம்தான். இணைத்ததும் திரை மூலையில் சின்னதாக ஒரு பூட்டு வரும் என்றார்கள். வந்தது.

பூட்டு வந்த நிமிடம் மாடி ரிசல்ட் நின்றுபோனது. பூட்டை எடுத்தால் வருகிறது. போட்டால் வரமாட்டேன் என்கிறது.

மாடியில்தான் ரத்தத்தைப் பரிசோதிக்கும் பெரிய மெஷின், அனலைசர், இருக்கிறது, அதன் பக்கத்தில் அதற்கென்று ஒரு சின்னக் கணினி. ரிசல்ட் அதில் சேரும். கீழே முன்மேசைக் கணினி அதைக் கேட்டு வாங்கி ரிப்போர்ட் ஆக்கும். ஆறு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. இரண்டிலும் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். பழைய முதலாளிக்கு எதையும் வாங்க மனம் வராது, இது சும்மா கிடைக்கிறது என்று யாரோ சொல்ல, அன்றைக்கே போட்டுவிட்டார்.

இதையெல்லாம் நான் ஏன் பார்க்கிறேன்? பதினெட்டு வருஷமாக லேப் டெக்னீஷியன். குழந்தைக்கும் முதல் குத்திலேயே நரம்பு பிடிப்பேன். ஒருநாள் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுத்துத் தொலைத்தேன், அன்றிலிருந்து கம்ப்யூட்டரை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மார்ச் 4

தலைமையிடத்து உதவி எண்ணுக்கு மூன்று முறை போட்டு, நாலாவது முறை ஒரு குரல் கிடைத்தது. பெயர் சொல்லவில்லை. இனி அவர் எனக்குக் குரல்தான்.

"எல்லாக் கிளையிலயும் ஓடுது மேடம். உங்க சைடுலதான் கோளாறு. உங்க நெட்வொர்க் ஆள்கிட்ட போனைக் குடுங்க."

"நான்தான் பேசுறேன்."

"இல்ல மேடம், டெக்னிக்கலா பாக்குறவர் யாராவது…"

"நான்தான்னு சொல்றேனே."

அப்புறம் கணினியை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார். அதை நான் காலையிலேயே ஐந்து முறை செய்திருந்தேன். அவருக்காக ஆறாவது முறையும் செய்தேன்.

மார்ச் 6

இப்போது எங்களுக்கு ஒரு முறை வந்துவிட்டது. அனலைசரைப் பார்த்துக்கொள்பவர் ஒரு சுற்று முடிந்ததும் மாடிப்படி உச்சியில் நின்று "திறங்க!" என்று கத்துவார். (பகல் முழுக்க மாடியைவிட்டு இறங்க மாட்டார், அதனால் அவர் மாடியார்.) முன்மேசைப் பெண் பூட்டை எடுப்பாள். ரிசல்ட் கொட்டும். "வந்துடுச்சு!" பூட்டைப் போடுவாள். ரிப்போர்ட் தலைமையிடத்துக்குப் போகும். அடுத்த சுற்றுக்கு மறுபடியும் "திறங்க!"

காத்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "ஏம்மா, மேல என்ன, நகைக்கடையா?"

மார்ச் 10, செவ்வாய்

டாக்டரம்மா எங்கள் ஐந்து பேரையும் உட்கார வைத்துத் தலைமையிடத்துக் கடிதத்தைப் படித்தார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவர் அவர்தான். அதிகம் பேசமாட்டார், படிக்கும்போதும் குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. இன்று இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டார்.

ஏப்ரல் 6 முதல் 11 வரை, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, இணைப்பு ஒருமுறைகூட அறுபடக் கூடாது. அறுந்தால், "இந்தக் கிளையில் பரிசோதனை நடத்துவது உகந்ததல்ல" என்று முடிவு செய்து அனலைசரை எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் நாங்கள் வெறும் சாம்பிள் சேகரிக்கும் இடம். ஊசி குத்தி, குழாயை மூடி, பெட்டியில் போட்டு அனுப்புவதற்கு இரண்டு பேர் போதும்.

மாடியார் மேலே போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். துடைத்த மெஷினையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷம் இதோட இருக்கேன். இது இருமினாக்கூட எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்கும் பயம் வந்தது. அவருக்காக மட்டுமில்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும். குழாயில் நிறம் மாறுவதைப் பார்த்து, எண் வருவதற்கு முன்பே இது சரியில்லை என்று சொல்லக்கூடிய ஆள் நான். பெட்டி கட்டி அனுப்புகிற ஆளாக நான் ஏன் ஆகவேண்டும்?

மார்ச் 13

எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதத்தான் வேண்டும்.

பதினொரு மணிக்குத் தலைமையிடத்துப் பெரிய கோப்பு ஒன்று குழாய் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது, பூட்டை எடுக்க முடியவில்லை. கீழே கூட்டம். "எவ்வளவு நேரம்தான்?" என்று ஒருவர் மேசையைத் தட்டுகிறார். நான் என்ன செய்தேன்? மாடிக்கு ஓடி, திரையைப் பார்த்து நாலு பேருடைய எண்களைக் கையால் எழுதிக்கொண்டு வந்து கீழே கணினியில் தட்டினேன். அடுத்தடுத்த இரண்டு சாம்பிள். இரண்டும் பெண்கள். மாற்றிப் போட்டுவிட்டேன்.

வேலையில் சேர உடல் தகுதிச் சான்றுக்காக வந்த இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்குப் பொட்டாசியம் 6.4, ஐந்தைத் தாண்டினாலே கவனிக்கவேண்டிய எண். சிறுநீரகம் கெட்டு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் மெஷினில் படுக்கிற அம்மாவுக்கு 4.1, எல்லாம் சுகம் என்று.

கையெழுத்துப் போடும்போது டாக்டரம்மா பிடித்தார். அந்த அம்மாவின் பழைய ரிப்போர்ட்டுகள் அவருக்கு மனப்பாடம். பிடிக்காமல் போயிருந்தால்? அந்த அம்மா சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பாங்க. ராத்திரியே நெஞ்சு நின்னிருக்கலாம். என்னால. என் கையால. பதினெட்டு வருஷத்துல ஒரு தடவகூட இப்படி—

ஸ்டோர் ரூமில் கையுறைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதேன். பிறகு வந்து தவறுப் பதிவேட்டை எடுத்து, என்ன நடந்தது, யாரால், ஏன் என்று என் பெயர் போட்டு எழுதினேன். "அவசரத்தில்" என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டு, "இணைப்பு மூடியிருந்ததால் கையால் எழுதி, சரிபார்க்காமல் பதிந்தேன்" என்று எழுதினேன்.

டாக்டரம்மா படித்துவிட்டு, "சரியா எழுதியிருக்கீங்க" என்றார்.

மார்ச் 14, சனி

இனிக் கையால் எழுதுவது இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இன்று கிளம்பும் முன், கணினி தன்னிடம் வைத்திருக்கும் வழிப்பட்டியலைத் திரையில் வரவழைத்து, ஒரு பழைய பரிசோதனைப் படிவத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். பூட்டு இல்லாதபோது ஒன்று. பூட்டு இருக்கும்போது ஒன்று. ஏதோ ஒரு பக்கத்தில் அப்படிப் பார்க்கச் சொல்லியிருந்தது. புரிந்து எழுதவில்லை, பார்த்து எழுதினேன். இந்த முறை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன்!

என் வீட்டுக்காரர் கார் சீட் தைக்கிறவர், ஞாயிறும் கடை உண்டு. காலையில் இவர் போனதும் சாப்பாட்டு மேசையில் அந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மருந்துக்கு முன் ஒரு ரிப்போர்ட், மருந்துக்குப் பின் ஒரு ரிப்போர்ட், எது மாறியது? இது எனக்குக் கைவந்த வேலை. கம்ப்யூட்டர் என்றதும் பயந்துபோய் அதையே மறந்திருக்கிறேன்.

எனக்காகவே எழுதி வைக்கிறேன், மறக்காமல் இருக்க:

கணினி எதை அனுப்பினாலும் முதலில் இந்தப் பட்டியலைப் பார்க்கும். போகவேண்டிய இடத்துக்கென்று தனியாக ஒரு வரி இருந்தால் அதன்படி போகும். இல்லாவிட்டால் கடைசியாக ஒரு பொது வரி: "மற்றதெல்லாம் இந்த வாசல் வழியாக." எங்கள் கணினிக்கு அந்தப் பொது வாசல், சுவரில் மாட்டியிருக்கும் ரவுட்டர். ரவுட்டருக்கு மாடியும் தெரியும், வெளியுலகமும் தெரியும்.

பூட்டைப் போட்டதும் என்ன ஆகிறது? பழைய பொது வரி போய்விடவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. அதற்கு மேலே இன்னொரு பொது வரி வந்து உட்கார்ந்துகொள்கிறது: "மற்றதெல்லாம் குழாய் வழியாக." இரண்டு பொது வரிக்கும் ஓரத்தில் ஒரு எண். பழையதுக்கு 100, புதியதுக்கு 50. சின்ன எண் ஜெயிக்கும். தலைமையிடத்துக் குழாய் வாசலுக்கு மட்டும் பழைய ரவுட்டர் வழியாக ஒரு தனி வரி சேர்ந்திருக்கிறது. குழாயே குழாய்க்குள் போக முடியாதே, அதற்காக.

கீழே இருக்கும் பிரிண்டர் பூட்டு போட்டாலும் ஓடியது, அதுதான் என்னைக் குழப்பிக்கொண்டே இருந்தது. கீழ்த்தளத்துக்குத் தனி வரி இருக்கிறது! மாடிக்கு இல்லை. அனலைசர் வைத்தவர்கள் மாடிக்கு வேறு நெட்வொர்க் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அப்படிப் போட்டது. அதனால் மாடி, கணினியின் கண்ணில் "மற்றதெல்லாம்".

ஆக, முன்மேசைக் கணினி மாடியிடம் "ரிசல்ட் இருக்கா?" என்று கேட்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி குழாயில் ஏறி நானூறு கிலோமீட்டர் போயிருக்கிறது. அங்கே அப்படி ஒரு விலாசமே கிடையாது. கேட்பாரில்லாமல் செத்திருக்கிறது. மாடி எத்தனை தூரம்? பதினேழு படி. நான் எண்ணியிருக்கிறேன்.

தனியாக உட்கார்ந்து கைதட்டிச் சிரித்தேன். இவர் சாப்பிட வந்தபோது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். முழங்கையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"சரி, இப்ப என்ன செய்யணும்?"

"ஒரே ஒரு வரி எழுதணும். மாடிக்குப் போறது மட்டும் பழைய ரவுட்டர் வழியா போகட்டும்னு."

"ஒரு வரிக்கா ரெண்டு வாரம்?"

நியாயமான கேள்விதான். முறைத்தேன்.

மார்ச் 16

எட்டு மணிக்குப் பூட்டு. எட்டு ஐந்துக்கு என் வரி. எட்டு ஆறுக்கு மாடி ரிசல்ட் கீழே வந்தது, பூட்டும் அப்படியே இருந்தது.

முன்மேசைப் பெண், "அக்கா, நான் ஒண்ணும் திறக்கலையே!" என்று பயந்தேபோனாள். மாடியார் வழக்கம்போல "திறங்க!" என்று கத்தினார். "தேவையில்லை!" என்று நான் கத்தினேன். அப்புறம் மனுஷன் இறங்கி வந்தார். பகலில். கூட்டத்துக்கு நடுவே. திரையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்களா செஞ்சீங்க?"

"வேற யாரு?"

இதை எழுதும்போதும் கன்னம் சூடாகிறது. இருக்கட்டும். பெருமையாகத்தான் இருக்கிறது.

மார்ச் 17

காலையில் கணினியைப் போட்டால் வரி போயே போச்சு. அணைத்தால் மறந்துவிடுமாம். நேற்று ஆடிய ஆட்டத்துக்கு இது வேண்டும்தான். இணைப்பின் அமைப்புக்குள்ளேயே நிரந்தரமாக எழுதி, மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். நின்றது.

மார்ச் 24

எட்டு நாள். ஒரு "திறங்க"கூட இல்லை. மாடியாருக்குத் தொண்டை சரியாகிவிட்டதாம். நான் எங்கே போனாலும் வழிப்பட்டியலைப் பற்றியே பேசுகிறேன் என்று இவர் சொல்கிறார். நேற்று இவருடைய அக்கா வீட்டில் அரைமணி நேரம் விளக்கினேனாம். நாத்தனார் பாவம், தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 1

தலைமையிடத்து உத்தரவு: மாடியில் உள்ள சின்னக் கணினியும் விபிஎன்னில் இருக்கவேண்டும், சோதனை வாரம் தொடங்கும் முன். இது முட்டாள்கள் தினக் கேலி இல்லை, கேட்டுப் பார்த்தேன்.

பரவாயில்லை. எனக்குத் தெரியாததா?

ஏப்ரல் 5, ஞாயிறு

எனக்குத் தெரியாதது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மாடிக் கணினிக்கான விபிஎன் கோப்பு நேற்று லேப் மூடிய பிறகுதான் வந்தது. சோதனை நாளை காலை எட்டு மணிக்கு. இந்தக் கணினிகளை வைத்துக் கொடுத்தவர் அந்தக் காலத்திலேயே வீட்டிலிருந்து உள்ளே நுழைய ஒரு வழி போட்டுத் தந்திருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு, வீட்டு மேசையில் இருந்தபடி மாடிக் கணினிக்குள் நுழைந்தேன். கோப்பை ஏற்றினேன். இணை என்று தட்டினேன்.

திரை உறைந்துவிட்டது. எதைத் தட்டினாலும் அசைவில்லை. மறுபடி நுழையப் பார்த்தேன், கதவு திறக்கவில்லை. கீழ்க் கணினியில் ஞாயிற்றுக்கிழமை என்று பூட்டு போடவில்லை, அதற்குள் போய் அங்கிருந்து மாடியைக் கூப்பிட்டேன். அதற்கும் பதில் இல்லை.

கையும் ஓடல, காலும் ஓடல. நாளைக்குச் சோதனை, இன்னைக்கு நானே கெடுத்து வச்சிருக்கேன். இவ்வளவு பேசினேனே! ஊரெல்லாம் வகுப்பு எடுத்தேனே! மாடியார் வேலை, என் வேலை, எல்லாத்தையும் ஒரு விசையில—

பத்து நிமிடம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது. என்ன மாறியது? மாடிக் கணினியில் பொது வரி மாறியது. நான் தட்டுவது அதனிடம் போய்ச் சேர்கிறது. அது பதிலும் சொல்கிறது. பதில் வருவது மட்டும் வேறு வழியில். என் வீடு அதற்கு "மற்றதெல்லாம்", ஆகவே பதில் குழாயில் ஏறிப் போய்விட்டது. கீழ்த்தளத்துக்குச் சொல்லும் பதிலும் அதே கதிதான். கீழிருந்து மேலே போக வழி சொல்லிக்கொடுத்தேன். மேலிருந்து திரும்பி வர யார் சொல்லிக்கொடுத்தது?

லேப் சாவி மாடியாரிடம். போன் போட்டால், மகளின் நீச்சல் போட்டியில் இருக்கிறார், பின்னால் ஒரே விசில் சத்தம். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ரெண்டாவதா வந்திருக்கா. பரிசை வாங்கினதும் கிளம்புறேன்" என்றார்.

நாலரைக்கு லேபைத் திறந்தோம். மகளையும் கூட்டி வந்திருந்தார். தலை ஈரம் காயவில்லை, கழுத்தில் பதக்கம். மாடிக் கணினியின் முன் உட்கார்ந்து, முதலில் குழாயைத் துண்டித்தேன். அப்புறம் படித்தேன். இதற்கும் ஒரு வழி இருக்கிறது: கணினியில் இரண்டாவதாக ஒரு பட்டியல் வைக்கலாம். அதில் பழைய ரவுட்டர்தான் பொது வாசல். "குழாய் வருவதற்கு முன்பிருந்த என் பழைய விலாசத்திலிருந்து கிளம்புகிற பதில் எல்லாம் இரண்டாவது பட்டியலைப் பார்க்கட்டும்" என்று ஒரு விதி. பழைய வாசலில் கூப்பிட்டவருக்குப் பழைய வாசலிலேயே பதில். தானாகக் கிளம்புவது குழாயில் போகட்டும்.

மூன்று முறை தப்பாக எழுதினேன். ஆறரைக்கு இரண்டு கணினியிலும் பூட்டு, ரிசல்ட்டும் வருகிறது. அணைத்துப் போட்டேன், நின்றது. மறுபடி அணைத்துப் போட்டேன். மாடியாரின் மகள், "ஆன்ட்டி, ஓடுதுல்ல, ஏன் திரும்பத் திரும்ப அணைக்கிறீங்க?" என்றாள். மாடியார் அவளைச் சும்மா இருக்கச் சொன்னார்.

ஏப்ரல் 6, திங்கள்

எட்டு முதல் ஆறு வரை. 187 ரிப்போர்ட். அறுபடவில்லை.

ஏப்ரல் 7

மழையில் பத்து நிமிடம் மின்சாரம் போனது. பேட்டரி தாங்கியது. நான்தான் தாங்கவில்லை, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். 164.

ஏப்ரல் 8, புதன்

குரல் தானாகவே கூப்பிட்டார். முதல் முறை.

"மேடம், உங்க கிளையில மூணு நாளா இணைப்பு ஒரு செகண்ட்கூட அறுபடல. ரிப்போர்ட்டும் போயிட்டே இருக்கு. எப்படி? வேற கம்ப்யூட்டர் ஏதாவது வெளியில வச்சு…"

ஏமாற்றுகிறேன் என்கிறார். கோபத்தை விழுங்கிக்கொண்டு, முதல் நாளிலிருந்து சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார். முடித்ததும்:

"யாரைக் கேட்டுப் போட்டீங்க? எல்லா டிராஃபிக்கும் எங்க வழியாத்தான் போகணும். அதுதான் விதி. அந்த வரியை எடுத்துடுங்க. இன்னைக்கே."

"எடுத்தா எங்க கம்ப்யூட்டர் கேக்குற கேள்வி, மாடி ரிசல்ட்டைத் தேடிக்கிட்டு உங்க ஊருக்கு வரும். அங்க அதுக்குப் பதில் சொல்ல யார் இருக்கா?"

"மத்த கிளையெல்லாம் எப்படி ஓட்டுறாங்க?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். உங்ககிட்ட கணக்கு இருக்குமே, பாருங்களேன்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு வேறு மாதிரிக் குரலில் சொன்னார்: சில கிளைகளில் ஒரு நாளைக்கு நாற்பது முறை அறுந்து சேர்ந்திருக்கிறது. அவர்களும் பூட்டைத் திறந்து திறந்துதான் மூடுகிறார்கள். எல்லாக் கிளையிலும் ஓடுகிறது என்று மார்ச்சில் அவர் சொன்னது இதைத்தான்.

"சார், அவங்க திறந்திருக்கிற நேரத்துல எல்லாமே வெளியில போகுது. எங்களோடது ஒரே ஒரு வரி, மாடிக்கு மட்டும். மத்ததெல்லாம் உங்க குழாய்லதான் வருது. எது பத்திரம்?"

மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். எழுத்தில் அனுப்பச் சொன்னார், இரண்டு பட்டியலோடு. வீட்டிலிருந்து நுழையும் வழியை மூடச் சொன்னார். அது நியாயம், உடனே மூடிவிட்டேன்.

கடிதம் எழுதி முடித்ததும் ஒன்று குறைவதாகத் தோன்றியது. தவறுப் பதிவேட்டில் மார்ச் 13 பக்கத்தைப் படம் எடுத்துச் சேர்த்தேன். பூட்டைத் திறந்து மூடும் இடத்தில் என்ன நடக்கும் என்று அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. டாக்டரம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"உங்க பேர் இருக்கே அதுல. மேலிடத்துக்குப் போகுது."

"தெரியும் டாக்டர். இருக்கட்டும்."

அனுப்பிவிட்டேன். வரியைக் கண்டுபிடித்த அன்றைக்கு இருந்த பெருமை வேறு, இது வேறு. இதுதான் கெட்டியாக நிற்கும் என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 9

பதில் இல்லை. 171.

ஏப்ரல் 10

குரல் குறுஞ்செய்தி: "வரியை எடுக்க வேண்டாம். மற்றவை பின்னர்." முதல் பாதி போதும். 158.

ஏப்ரல் 11, சனி

மாலை ஆறு மணி. சுவர்க் கடிகாரத்தில் இல்லை, கணினிக் கடிகாரத்தில் பார்த்தேன். முன்மேசைப் பெண் விசிலடித்தாள். இவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்று இன்றுதான் தெரியும்.

ஏப்ரல் 20

டாக்டரம்மா மறுபடி எங்களை உட்கார வைத்துக் கடிதம் படித்தார். "இந்தக் கிளையில் பரிசோதனை தொடர்ந்து நடைபெறும்" என்ற இடம் வந்ததும் நிறுத்தி, அதே வரியை இன்னொரு முறை படித்தார். மாடியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, பார்க்காத மாதிரி இருந்தோம்.

வீட்டில் இவர் கேட்டார்: "உன் பேர் போட்டிருந்தாங்களா கடிதத்துல?"

"இல்ல."

"அப்புறம் என்ன இவ்வளவு சிரிப்பு?"

ஐந்து பேரும் நாளைக்கு வேலைக்குப் போகிறோம், வேறென்ன வேண்டும்?

மே 4, திங்கள்

காலையில் குரல் கூப்பிட்டார். நேற்றிரவு தலைமையிடத்தில் மாற்றிவிட்டார்களாம். இனி எந்தக் கிளை இணைந்தாலும், குழாயோடு சேர்ந்து அந்தக் கிளையில் அனலைசர் இருக்கும் இடத்துக்கான வரியையும், பதில் திரும்பும் விதியையும் அவர்களே அனுப்புவார்கள். "இருபத்தொரு கிளைக்கும் போகுது மேடம். உங்க பட்டியலைப் பாத்துதான் எழுதினோம். உங்க மார்ச் பதிமூணு பக்கத்தை மீட்டிங்ல எல்லாருக்கும் காட்டினாங்க. அதுக்கப்புறம் யாரும் எதிர்த்துப் பேசல."

பூட்டைப் போட்டுவிட்டு வழிப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மாடிக்கு இப்போது இரண்டு வரி. ஒன்று அவர்கள் அனுப்பியது. ஒன்று நான் எழுதியது. இரண்டும் ஒரே வேலை. ஒன்று போதும்.

என்னுடையதை அழித்தேன். அழிக்கும் முன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்வானேன். பிறகு ரிசல்ட் வருகிறதா என்று பார்த்தேன்.

முதலில் வந்தது அந்தச் சிறுநீரகத்து அம்மாவுடையது. பொட்டாசியம் 5.9. அவர் பெயரில், அவர் எண்ணாகவே வந்திருந்தது. டாக்டரம்மா பார்த்ததும் போனை எடுத்து, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடச் சொன்னார்.